கருப்பு வானம் என்றால் ராத்திரிதானா?

பட்டிப்பொங்கலுக்கு அக்கா குடும்பம் தோட்டத்துக்கு வந்திருந்தது. எட்டாவது படிக்கிற அக்கா மகள் வந்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தாள். மெதுவாகக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. சந்திரயான் அனுப்பிய படத்தைக் காட்டி, "வானம் கருப்பாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் ஒரு நட்சத்திரம்கூட இல்லை?" என்று வகுப்பில் கேட்டிருக்கிறாள். "இதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு" என்று பதில் வந்திருக்கிறது. வகுப்பே சிரித்திருக்கிறது.

எவ்வளவு நல்ல கேள்வி அது! நாம் பதில் சொல்லாமல் உட்கார வைத்தால், "அத்தனையும் ஸ்டுடியோவில் எடுத்தது" என்று சொல்லிக்கொடுக்க வாட்ஸப்பில் ஒரு வீடியோ தயாராக இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3-இன் லேண்டர் (தரையில் இறங்குகிற கலம்) விக்ரம் நிலாவில் இறங்கியபோது, அதற்கு முன்னாடி இங்கே நிலா மண்ணுக்குப் பதிலாக வைத்துச் சோதித்தது நம்ம நாமக்கல் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்த மண், சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை நம்ம பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரர் என்று எல்லோரும் பெருமையாகப் பகிர்ந்தோம். அதே குழுக்களில்தான் இந்த வீடியோவும் சுற்றுகிறது. பார்க்கும்போது வயிறு எரிகிறது.

சரி, அவள் கேள்விக்கு வருகிறேன். பகலில் நம் வானம் நீலமாக இருப்பது காற்றினால். சூரிய வெளிச்சத்தைக் காற்று சிதறடிக்கிறது. அந்த வெளிச்சத்தில் நட்சத்திரங்கள் அமுங்கிப்போகின்றன. நிலாவில் அப்படிச் சிதறடிக்கக் காற்று இல்லை. அதனால் உச்சி வெயிலிலும் வானம் கருப்புதான். கருப்பைப் பார்த்தால் ராத்திரி என்று நினைத்துப் பழகியவர்கள் நாம். அமெரிக்காவின் அப்பல்லோ விண்கலங்களில் போன ஆட்கள் ஆறு முறை இறங்கியதும் அங்கே பகலில்தான். விக்ரம் இறங்கியதும் பொழுது விடிந்த பிறகுதான்.

வெயிலில் நிற்கிற ஆளை எடுக்க அப்பல்லோ கேமராவின் ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடுகிற கதவு, ஒரு விநாடியில் 250-இல் ஒரு பங்கு நேரம் திறந்தால் போதும். நட்சத்திரம் பதிய வேண்டுமென்றால் பல விநாடி திறந்திருக்க வேண்டும். ராத்திரி வானத்தில் மிகப் பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ். நமக்குத் தெரிகிற அளவில் சூரியன் அதைவிட ஆயிரம் கோடி மடங்குக்கும் மேல் பிரகாசம். அந்த வெயிலுக்கு ஏற்றபடி எடுத்தால் நட்சத்திரம் பதியாது.

இதை வாயால் சொன்னால் பத்தாது என்று தோன்றியது. ராத்திரி எட்டு மணிக்குக் கட்டுத்தரைக்குக் கூட்டிப்போனேன். அமாவாசைக்கு ரெண்டு நாள்தான் இருந்தது, நல்ல இருட்டு. உச்சியில் ஆறாமீன், கிழக்கே ஓரியன் நட்சத்திரக் கூட்டம். மயிலைக் காளைக்கு மேலே இருக்கிற எல்இடி லைட்டைப் போட்டு, போனில் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். கொம்பில் பொங்கலுக்கு அடித்த பெயிண்ட் வரைக்கும் பளிச்சென்று விழுந்தது. பின்னால் வானம் தார் மாதிரி இருந்தது. ஒரு நட்சத்திரம் இல்லை.

"ஏனுங் மாமா, சந்திரயான் படம் மாதிரியே இருக்குதுங்!"

"வானத்தைப் பாரு கண்ணு. எத்தனை இருக்குது?"

அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி போனைப் பார்த்தாள். லைட்டை அணைத்தேன். போனைத் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் சாய்த்து, ஷட்டர் நேரத்தை நாமே வைக்கிற புரோ மோடில் 15 விநாடி வைத்தோம். இரண்டு பேரும் மூச்சுக்கூட விடவில்லை. ஓரியன் இடுப்பில் இருக்கிற மூன்றும் வந்துவிட்டன, அதைச் சுற்றிக் கண்ணுக்கே தெரியாத பொடி நட்சத்திரங்களும். ஓரத்தில் காற்றாலைக் காத்தாடியின் சிவப்பு விளக்கு. காளை தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததால் புகை மாதிரிக் கலைந்திருந்தது.

மூன்றாவது படத்தை நான் சொல்லவில்லை, அவளாகவே எடுத்தாள். லைட்டைப் போட்டுவிட்டு அதே 15 விநாடி. காளை நின்ற இடமெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப்போனது. அதைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் அக்கா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டது.

விண்வெளியில் நட்சத்திரத்தைப் படம் எடுக்கவே முடியாது என்றும் இல்லை. 1972-இல் அப்பல்லோ 16 கொண்டுபோன ஒரு கேமரா அதற்காகவே விஞ்ஞானி ஜார்ஜ் கேரதர்ஸ் வடிவமைத்தது. லேண்டரின் நிழலில் வைத்து, புற ஊதா ஒளியில் நட்சத்திரங்களை எடுத்தார்கள். விண்வெளி நிலையம் 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ராத்திரி வந்துபோகும். அந்த இருட்டில் விண்வெளி வீரர் டான் பெட்டிட் 30 விநாடிப் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நட்சத்திரங்கள் வளையம் வளையமாகச் சுழலும் படங்களைச் செய்திருக்கிறார். தேடிப் பாருங்கள். கீழே ஊர்களின் விளக்கெல்லாம் கோடு கோடாக ஓடும்.

லீவு முடிந்து கிளம்பும்போது மூன்று படத்துக்கும் பிரிண்ட் வேண்டும் என்றாள். காங்கயத்தில் போட்டுக் கொடுத்தேன். அடுத்த அமாவாசைக்குக் கூட்டாளிகள் நாலு பேரைக் கூட்டி வருகிறாளாம். பக்கத்தில் இருக்கிறவர்கள் உங்கள் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். ஒன்றே ஒன்று, வண்டி லைட்டை மட்டும் வேலியோரத்திலேயே அணைத்துவிட்டு உள்ளே வாங்க.