யோகி பெர்ராவைச் சிரித்தே கடந்துவிட்டோம்

அமெரிக்க பேஸ்பால் வீரர் யோகி பெர்ரா என்று தேடினால் முதலில் வந்து விழுவது அவருடைய 'பொன்மொழிகள்'தான். முடியும்வரை எதுவும் முடியவில்லை என்கிற ரகம். எனக்கும் பல வருடம் அவர் உளறிக்கொட்டும் ஒரு ஜாலியான தாத்தாவாகத்தான் தெரிந்தார். சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, இந்தியாவைப் பற்றிய படம் ஒன்றில் வந்த யோகி மாதிரியே இருக்கிறாய் என்று சிறுவயது நண்பர் ஒருவர் வைத்த பெயராம். இயற்பெயர் லாரன்ஸ். பெயரே சிரிப்பில் ஆரம்பித்தால் மனுஷனை யார் சீரியஸாக எடுத்துக்கொள்வார்கள்?

அவர் கேட்சர். விக்கெட் கீப்பர் மாதிரி என்று சொன்னால் பாதிதான் புரியும். அடுத்த பந்து என்ன, எங்கே விழ வேண்டும் என்று விரலைக் காட்டி, பந்து வீசும் பிட்ச்சருக்குச் சொல்வதும் கேட்சர்தான். மற்ற எட்டுப் பேரும் பேட்டரைப் பார்த்து நிற்பார்கள். இவர் ஒருவர்தான் மொத்த மைதானத்தையும் பார்த்துக் குந்தியிருப்பார். இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடரான உலகத் தொடரில், 1956இல் யாங்கீஸ் பிட்ச்சர் டான் லார்சன் ஒரு பேட்டரைக்கூட பேஸுக்கு (ஓடிச் சேர வேண்டிய இடத்துக்கு) விடாமல், ஒரு ஆட்டத்தில் வீழ்த்த வேண்டிய 27 பேரையும் வீழ்த்தினாரே, அன்று பெர்ரா காட்டிய சைகை ஒன்றைக்கூட லார்சன் மறுக்கவில்லையாம். அந்த ஆட்டத்தில் பாதி மூளை யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

பேட்டிங்கும் சாதாரணமில்லை. 1950 சீசன் முழுவதும் பந்தை அடிக்க முடியாமல் ஸ்டிரைக் அவுட் ஆனது 12 முறை. இன்றைக்குச் சிலர் அதை இரண்டு வாரத்தில் முடித்துவிடுகிறார்கள். நியூயார்க் யாங்கீஸ் அணி வீரராக 10 உலகத் தொடர் வெற்றிகள், 3 முறை அமெரிக்க லீக்கின் சிறந்த வீரர் விருது. சரி, இதெல்லாம் எங்கும் கிடைக்கும்.

எனக்கு ஆறாதது மேனேஜராக, அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளராக, அவருக்கு நடந்ததுதான். 1964இல் யாங்கீஸ் அவரிடம் அணியைக் கொடுத்தது. நேற்றுவரை கூட ஆடியவர், கண்டிப்பு வராது என்றார்கள். ஆகஸ்டில் தோற்றுவிட்டு வரும்போது பஸ்ஸில் வீரர் பில் லின்ஸ் ஹார்மோனிகா வாசிக்க, பெர்ரா அதைத் தட்டிவிட்டார். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அதே அணி 99 ஆட்டங்கள் வென்று லீக் பட்டத்தைப் பிடித்து, உலகத் தொடரில் 7ஆவது ஆட்டம்வரை போய்த் தோற்றது. மறுநாளே பெர்ராவுக்கு வேலை போனது. அவர் இடத்துக்கு வந்தவர், அவரைத் தோற்கடித்த செயின்ட் லூயிஸ் அணியின் மேனேஜர் ஜானி கீன்! அப்போது யாங்கீஸின் ஜெனரல் மேனேஜர், அதாவது மேனேஜருக்கும் மேலே இருந்து அணி நிர்வாகத்தைப் பார்ப்பவர், ரால்ஃப் ஹூக். அவரும் கேட்சர்தான், பெர்ரா இருந்ததால் 8 சீசனில் 91 ஆட்டம் மட்டுமே ஆடியவர். நான் எதுவும் சொல்லவில்லை.

அப்புறம் மெட்ஸ், நியூயார்க்கின் இன்னொரு அணி, ஆடுவது தேசிய லீக்கில். 1973 ஆகஸ்ட் கடைசியில், லீக்கின் உட்பிரிவான டிவிஷனில் கடைசி இடத்தில் கிடந்த அணி. 82 வெற்றி, 79 தோல்வி என்ற சுமாரான கணக்கோடு டிவிஷனைப் பிடித்து, சின்சினாட்டியையும் வீழ்த்தி உலகத் தொடருக்குப் போனது. அங்கே 3-2 என்று முன்னிலையில் இருந்தபோது, பிட்ச்சர் ஜார்ஜ் ஸ்டோன் ஓய்வோடு தயாராக இருக்க, மூன்றே நாள் ஓய்வில் டாம் சீவரை இறக்கினார் பெர்ரா. அது தப்புதான், அவர் ரசிகனான நானே சொல்கிறேன். எதிரணியான ஓக்லண்ட் கடைசி இரண்டு ஆட்டத்தையும் வென்றது. ஆனாலும் இரண்டு லீக்கிலும் பட்டம் வென்ற மேனேஜர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

மறுபடியும் யாங்கீஸ் மேனேஜராக இருந்த 1985தான் உச்சம். சீசன் முழுக்க நீங்கள்தான் என்று வாக்குக் கொடுத்த யாங்கீஸ் உரிமையாளர் ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர், 16 ஆட்டத்தில் அவரைத் தூக்கினார். அதையும் நேரில் சொல்லவில்லை, வேறொருவரை அனுப்பினார். வேலை போனதைக்கூட விடலாம், ஆள் விட்டுச் சொன்னதைத்தான் பெர்ராவால் பொறுக்க முடியவில்லை. 14 வருடம் அந்த ஸ்டேடியத்துப் பக்கமே போகவில்லை. அந்தப் பிடிவாதத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். கடைசியில் 1999இல் ஸ்டைன்பிரென்னரே நியூ ஜெர்சிக்கு வந்து மன்னிப்புக் கேட்டார்.

அந்த ஜூலை 18 'யோகி பெர்ரா தினம்'. லார்சன் சம்பிரதாயப் பந்தை வீச, அன்றைய கேட்சர் ஜோ ஜிரார்டியின் கையுறையை வாங்கி மாட்டிப் பிடித்தார் பெர்ரா. கையுறை ஜிரார்டியிடம் திரும்பியது. ஆட்டம் ஆரம்பித்தது. லார்சனைப் போலவே யாங்கீஸ் பிட்ச்சர் டேவிட் கோன் 27 பேரையும் வரிசையாக வீழ்த்தினார்.