யாழ்ப்பாணத் தீவகத்தில தண்ணி "வேண்டிய அளவு" இல்லை

அண்ணை, "வேலணை, புங்குடுதீவுப் பக்கம் காணி சும்மா கிடக்குது, 100 அடிக்கு ஆழ்துளைக் கிணறு அடிச்சால் வேண்டிய அளவு தண்ணி, வருஷம் முழுக்க வாழையும் பப்பாசியும் செய்யலாம்" எண்டு எழுதியிருக்கிறியள். காணி கிடக்கிறது உண்மை. தண்ணிக் கதை பிழை.

எங்கட தீவுகளில ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இறங்கி, உப்புத் தண்ணிக்கு மேல ஒரு மெல்லிய படையாக மிதக்குது. நல்ல தண்ணி மட்டம் ஒரு அடி இறங்கினால், கீழ இருக்கிற உவர் காலப்போக்கில 40 அடி அளவுக்கு ஏறிவரும். அதால ஆழமாகத் துளைக்கத் துளைக்க உவரைத்தான் கிட்ட எடுக்கிறம். எங்கட வேலணைத் தோட்டத்தில பெரிய மோட்டார் போட்டு ரெண்டு போகம் இறைச்சம். மூண்டாம் போகம் வாய்க்கால் கரையில உப்பு வெள்ளையாகப் பூத்துது, மிளகாய்க் கண்டுகளின்ர இலை ஓரம் கருகிச்சுது. பக்கத்து வளவுக் குடிதண்ணிக் கிணறும் உவராப் போச்சு. அதுதான் எனக்கு இண்டைக்கும் மனவருத்தம்.

வெளிநாட்டில இருந்து காசு போட நினைக்கிற ஆக்கள் முதலில பங்குனி, ஆவணி மாதங்களில கிணத்துத் தண்ணியின்ர உவர்த்தன்மையைச் சோதிச்சுப் பாருங்கோ. மாரியில பார்த்தால் எல்லாக் கிணறும் நல்ல தண்ணிதான். தூர்ந்த குளம், கேணியைத் தூர்வாரவும் சொட்டுநீருக்கும் முதல் காசைப் போடுங்கோ. பனையும் ஆடும் இந்த மண்ணுக்கு ஏற்கனவே பழக்கம், அதில செய்யிறதுக்கு நிறைய இருக்கு.