குருத்து வெளுத்தாலும் யூரியாதானா?

போன தாளடியில் (குறுவை அறுத்த வயலிலேயே போடுகிற இரண்டாம் போக நெல்) நட்ட இருபது நாளில் பயிர் வெளுத்துப்போச்சு. உரக்கடையில் யூரியா என்றார்கள், சித்தப்பாவும் "போடுடா, பச்சை ஏறிடும்" என்றார், போட்டேன், ஏறவில்லை. அப்புறம்தான் குனிந்து பார்த்தேன். யூரியா தருகிற தழைச்சத்து குறைந்தால் அடி இலை முதலில் மஞ்சளாகும், பயிர் அதை உருவி மேலே அனுப்பிவிடும். பயிருக்கு வேண்டிய இன்னொரு சத்தான கந்தகம் அப்படி எளிதில் நகராது, அது குறைந்தால் இளங்குருத்துதான் முதலில் வெளுக்கும். எங்கள் வயலில் வெளுத்தது குருத்து.

மண்ணில் கந்தகமே இல்லையா என்றால், இருக்கிறது. பல நிலங்களின் மேல்மண்ணில் 90 சதவீதத்துக்கு மேல் மட்கோடு ஒட்டித்தான் கிடக்கிறது. பயிருக்கு வேண்டியது சல்பேட், அதாவது கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து வேர் உறிஞ்சக்கூடிய வடிவம். மட்கை உடைத்து அதைத் தருவது பெரும்பாலும் பாக்டீரியாவும் பூஞ்சையும், அதுவும் நமக்காக இல்லை! புரதத்துக்கு வேண்டிய சிஸ்டீன், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களைச் செய்ய அதுகளுக்கும் கந்தகம் வேண்டும். பக்கத்தில் சல்பேட் தாராளமாகக் கிடந்தால் பாக்டீரியா அதைத்தான் எடுக்கும். தட்டுப்பாடு வந்தால்தான் சல்ஃபடேஸ் நொதி செய்து சல்பேட் எஸ்டர்களை (மட்கில் ஆக்சிஜன் வழியாகக் கார்பனோடு கோத்த சல்பேட்டை) வெட்டும். கார்பனோடு நேராகப் பிணைந்த சல்ஃபோனேட் என்றால் இன்னும் பாடு, சூடோமோனாஸ் மாதிரியான பாக்டீரியாக்கள் அதற்கு ஆக்சிஜன் கேட்கும் நொதிகளை வைத்திருக்கின்றன. தண்ணீர் கட்டிய வயலில் ஆக்சிஜன் ஏது, மேலே ஒரு மெல்லிய படலத்திலும் நெல் வேரை ஒட்டியும்தான். (தொழியில் கால் வைத்தால் வரும் அழுகின முட்டை வாடை வேற பாக்டீரியாக் கூட்டத்தின் வேலை, ஆக்சிஜனுக்குப் பதில் சல்பேட்டை வைத்தே மூச்சு விடுகிறவை.)

சரி, என் தப்புக்கு வருகிறேன். குறுவை வைக்கோல் மழையில் நனைந்து விலை போகவில்லை, அப்படியே மடக்கி உழுது மறு வாரமே நட்டுவிட்டேன். வைக்கோலில் கார்பன் எக்கச்சக்கம், கந்தகம் சொற்பம். ஒரு பங்கு கந்தகத்துக்கு 400 பங்குக்கு மேல் கார்பன் இருந்தால் பாக்டீரியா பெருகிப் பெருகி மண்ணில் இருக்கிற சல்பேட்டையும் தானே பிடித்துக்கொள்ளும், 200க்குக் கீழே இருந்தால்தான் மிச்சம் நமக்கு வரும். கடைசியில் அம்மோனியம் சல்பேட் தூவித்தான் குருத்து தெளிந்தது.

அதுக்காக வைக்கோலைக் கொளுத்துவதும் சம்பா முடிந்ததும் கட்டுக் கட்டி லாரியில் ஏற்றுவதும் எனக்குச் சம்மதமில்லை. எரித்தால் கந்தகத்தில் ஒரு பங்கு புகையாகவே போய்விடும். அப்பா காலத்தில் சூப்பர் பாஸ்பேட் உரம் போட்டோம், மணிச்சத்தோடு 11 சதவீதம் கந்தகமும் வந்தது. இப்போ எல்லாம் டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம், அதில் கந்தகமே கிடையாது. வாயைக் கட்டிவிட்டு வேலை வாங்கினால் எந்த மாடு உழும், மண்ணும் அப்படித்தானே?

இந்த வருஷம் இரண்டு மா நிலத்தில் வைக்கோலை விற்காமல் மட்க விட்டு, கோடை மழைக்குத் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டும் விதைத்திருக்கிறேன். விட்டுப்போன வைக்கோல் காசுக்காக வீட்டில் இன்னும் ஏச்சு ஓயவில்லை.