காருக்கு ஒரு பிளக் பொயின்ற்

போன மாதம் எங்கள் தொடர்மாடிக் கூட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கீழே என் பார்க்கிங் இடத்தில், மின்சாரக் கார் சார்ஜ் பண்ண, தனி மீற்றரோடு ஒரு பிளக் பொயின்ற். வயர்ச் செலவும் என்னுடையது.

"தங்கச்சி, உங்கட காருக்கு நாங்கள் ஏன் கரண்ட் பில் கட்டவேணும்?" என்றார் ஒரு ஐயா. தனி மீற்றர் என்று திரும்பவும் சொன்னேன். "தீப்பிடிச்சால்?" என்றார் இன்னொருவர். அதோடு பேச்சு தண்ணீர்த் தாங்கிக்குப் போய்விட்டது.

மலிவான மின்சாரக் கார் எப்போது வரும் என்றே எல்லோரும் கேட்கிறோம். உலகத்தில் அது வந்துவிட்டது. சீனாவில் பிவைடி நிறுவனத்தின் சீகல் என்ற சின்ன மின்சாரக் கார் 2023 ஏப்ரலில் 73,800 யுவானுக்கு விற்பனைக்கு வந்தது. இலங்கையில் இறங்கும்போது அந்த விலை நிற்காது. மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்து உற்பத்தி வரி, அதற்கு மேல் 18 வீதம் வற் என்கிற பெறுமதி சேர் வரி. சரி, விலை என்றாவது இறங்கும். பிளக் பொயின்ற் தானாக வராது. கொழும்பில், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் எங்களில் எத்தனை பேருக்குச் சொந்த முற்றம் இருக்கிறது?

என் ஓட்டம் கோட்டைக்குப் போய்வர 18 கிலோமீற்றர். சின்ன மின்சாரக் கார் ஒரு யூனிற்றுக்கு 7 கிலோமீற்றர் ஓடினாலே மூன்று யூனிற்றுக்குள் என் நாள் முடிந்துவிடும். சாதாரண 13 அம்பியர் பிளக்கில் ஒன்றரை மணித்தியாலம். காலி வீதியில் ஒவ்வொரு சிக்னலிலும் பெற்றோல் கார் நின்றபடியே எரிக்கும். மின்சாரக் கார் பிரேக் பிடிக்கையில் கொஞ்சத்தைப் பற்றரிக்கே திருப்பி அனுப்பும். நெரிசலுக்கென்றே செய்த வாகனம் அது.

2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. விலையை விடுங்கள், பெற்றோலே இல்லை. அப்பா இரண்டு இரவு பெற்றோல் செட் வரிசையில், கண்ணாடியை இறக்கிவிட்டு, காருக்குள்ளேயே படுத்தார். அவருக்கு முன்னால் மூன்று கார் இருக்கும்போது முடிந்துவிட்டது என்று கயிறு கட்டினார்கள். வீட்டுக்கு வந்து அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பற்றரிப் பயம் நியாயமானது. ஜப்பானில் பாவித்த மின்சாரக் கார் ஒன்றை என் மச்சான் வாங்கினான். மீற்றருக்குப் பக்கத்தில் பற்றரியின் ஆயுளைக் காட்டும் 12 கோடுகள், நாலு வருடத்தில் ஏழாயின. வெயில்தான் பற்றரிக்கு எதிரி. அந்தப் பற்றரியைக் குளிர்விக்க ஏற்பாடே இல்லை. இப்போது மலிவுக் கார்களில் வரும் லித்தியம் அயன் பொஸ்பேட் பற்றரி சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு. "தீப்பிடிச்சால்?" என்று கேட்டவருக்கு நான் சொல்ல விரும்புவது, ஆபத்து மூன்றாம் மாடியிலிருந்து யன்னல் வழியாக இறக்கும் எக்ஸ்டென்ஷன் வயரில்தான் இருக்கிறது. ஒழுங்கான வயரும் ட்ரிப் சுவிட்சும் தராவிட்டால் சனம் அதைத்தான் செய்யும்.

எனக்கு ஆத்திரம் வருவது இன்னொன்றில். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின் தேவை குறைவென்று, கூரைச் சூரியத் தகடுகளைப் பிற்பகல் மூன்று மணி வரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. பகல் வெயிலை வேண்டாம் என்கிறோம். பின்னேரம் வீட்டுக்கு வந்து, ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில், ஊரே மின்சாரம் இழுக்கும் நேரத்தில் காரையும் செருகப் போகிறோம். கார்கள் பகல் முழுக்க நிற்பது அலுவலகப் பார்க்கிங்கிலும் ரயில் நிலையங்களிலும். அங்கே வேக சார்ஜர் தேவையில்லை. சாதாரண பிளக்கும் மீற்றரும் போதும். வரியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் நாங்கள் இதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

வரும் ஞாயிறு அடுத்த கூட்டம். எலக்ட்ரீஷியன் எழுதித் தந்த கணக்கோடு போகிறேன். உங்கள் தொடர்மாடியில் யாராவது தனி மீற்றர் போட்டிருந்தால், லைனை உங்கள் வீட்டிலிருந்து இறக்கினீர்களா, கீழேயுள்ள பொது போர்டிலிருந்து எடுத்தீர்களா என்று சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும்.