"எவ்வளவு இருக்கு?"

என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. இப்போது பதினைந்து. இந்த ஆறு வருடத்தில் அவளிடம் நான் அதிகம் கேட்ட கேள்வி "சாப்பிட்டியா?" இல்லை, "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" இல்லை. "எவ்வளவு இருக்கு?" என்பதுதான், அதாவது ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று. காலையில் அவள் கண்ணைத் திறந்ததும் அதுதான், சாயங்காலம் ஷூவைக் கழற்றும்போதும் அதுதான்.

அதில் என்ன தப்பு என்று எனக்கு உறைக்க ஒரு நோட்டுப் புத்தகம் தேவைப்பட்டது.

அப்போது அவளுக்குப் பதின்மூன்று. உடம்பில் ஒட்டிக்கொண்டு தானாகவே சர்க்கரையை அளக்கும் சென்சார் இன்னும் வாங்கவில்லை. விரலில் குத்தி, மீட்டர் காட்டுவதை நோட்டில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும். அந்த முறை நோட்டு அவ்வளவு அழகாக இருந்தது. 118, 126, 109, 134. ஒரே பேனா, ஒரே சாய்வு. குத்திக் குத்தி எழுதுகிற பிள்ளைகளின் நோட்டில் எங்காவது ஓர் ஓரத்தில் காய்ந்த ரத்தப் பொட்டு இருக்கும். இதில் ஒன்றுகூட இல்லை. மூன்று மாத சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனையான எச்பிஏ1சி 10.2 சதவீதம் என்று வந்தது. அதாவது நோட்டின்படி சராசரி 120 பக்கம், ரத்தத்தின்படி 240க்கு மேல். மீட்டரின் மெமரியைத் திறந்தால் இரண்டு வாரத்தில் மொத்தமே நான்கு தடவைதான் பார்த்திருக்கிறாள். மற்றதெல்லாம் முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதிய கதை.

வண்டியில் திரும்பும்போது கத்தினேன். வீடு வரும்வரை கத்தினேன். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது சொன்னாள்: "அதிகமா இருந்தா என்ன சாப்பிட்டேன்னு கேப்பீங்க. சரியா இருந்தா ஒண்ணுமே கேக்க மாட்டீங்க. அதான் சரியா எழுதிட்டேன்."

பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது யார் என்று அதற்கப்புறம் நான் யாரையும் கேட்கவில்லை.

நாம் அந்த எண்ணை மதிப்பெண் மாதிரி பார்க்கிறோம். 120 என்றால் நல்ல பிள்ளை, 280 என்றால் குற்றவாளி, அடுத்தது விசாரணை. ஆனால் அந்த 280க்குச் சாப்பாடு மட்டும்தானா காரணம்? பருவ வயதில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும் மற்ற ஹார்மோன்களும் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கும். போன வருடம் போதுமாக இருந்த டோஸ் இந்த வருடம் பத்தாது. லேசான காய்ச்சல் ஏற்றும், பரீட்சைப் பயம் ஏற்றும், ஒரே இடத்தில் ஊசி போட்டுப் போட்டுத் தடித்துப்போன தோலும் ஏற்றும். பிள்ளை எல்லாவற்றையும் சரியாகச் செய்த நாளிலும் எண் எகிறும். அந்த நாளில் "என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால் அவள் அடுத்த நாள் எதற்காகச் சரியாகச் செய்ய வேண்டும்?

இன்னொன்று, இதை நான் இன்னும் முழுதாக விடவில்லை. அவள் கோபப்பட்டால் "சுகர் லோவா?" என்று கேட்பது. 70க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், எரிச்சல் வரும் என்பது உண்மை, அதனால் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒருநாள் தம்பி அவள் வரைந்த படத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டான். அவள் கத்தினாள். நான் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். 112. "எனக்குக் கோபம் வரவே கூடாதாப்பா?" என்றாள். அவளுடைய கோபத்தைக்கூட நோயின் கணக்கில் எழுதிவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. (தம்பியின் கணக்கு தனி. வீட்டில் எல்லோரும் அக்காவின் எண்ணையே பேசிக்கொண்டிருந்தால் அவனும்தான் என்ன செய்வான்.)

வெளியில் நடப்பதைச் சொன்னால் பதிவு நீண்டுவிடும். "சின்ன வயசுல நிறைய இனிப்பு குடுத்தீங்களா?" என்று அவள் முன்னாலேயே கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டைப் 1 இனிப்பு தின்று வருவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. ஒரு பள்ளியில் வகுப்பில் ஊசி போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், ஒரு வருடம் முழுக்கக் கழிவறையில் போய்ப் போட்டுக்கொண்டாள். அதை என்னிடம் சொன்னது வருடம் முடிந்த பிறகு.

மறைப்பது புதிதல்ல. 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்ட லெனார்ட் தாம்சனுக்கு 14 வயது. அதே வருடம் ஆகஸ்டில் அங்கே வந்து சேர்ந்தவள் எலிசபெத் ஹியூஸ், அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். இன்சுலினுக்கு முன்பிருந்த பட்டினி வைத்தியத்தில் எலும்பும் தோலுமாக வந்த அந்தப் பெண் இன்சுலினால் பிழைத்து, கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்று, 1981 வரை வாழ்ந்தார். ஆனால் தனக்குச் சர்க்கரை நோய் என்பதைத் தன் வாழ்நாளில் பெரும்பாலோரிடம் சொல்லவே இல்லை. மருந்து உயிரைத் திருப்பிக் கொடுத்தது, கூச்சத்தை எடுக்கவில்லை. அதற்கு மருந்து நம் கையில்தான் இருக்கிறது, நாமோ கழிவறைக்கு அனுப்புகிறோம்.

ஒருநாளும் லீவு இல்லாத இந்த வேலையில் பிள்ளைகளுக்கு வரும் சலிப்பை டாக்டர்கள் 'டயபட்டீஸ் டிஸ்ட்ரெஸ்' என்கிறார்கள். இது மனச்சோர்வு நோயிலிருந்து வேறு, இரண்டும் சேர்ந்தும் வரலாம். சோம்பேறித்தனம் என்று நாம் திட்டுவது பல நேரம் இதைத்தான். பன்னிரண்டு வயது வாக்கிலிருந்து பிள்ளை டாக்டரிடம் பெற்றோர் இல்லாமல் தனியாகப் பேச நேரம் தரச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதல். முதல்முறை நான் வெளியே உட்கார்ந்த இருபது நிமிடம் எனக்கு அவமானமாக இருந்தது. என்ன பேசினாள் என்று இன்றுவரை தெரியாது. அடுத்த எச்பிஏ1சி 8.6.

அதற்காக எண்ணைக் கேட்காமலே விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எடை குறைய வேண்டும் என்று வேண்டுமென்றே இன்சுலினைத் தவிர்க்கும் பிள்ளைகள் உண்டு. அது ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸ் வரை போய் உயிருக்கே ஆபத்தாகும். காரணமில்லாமல் இளைப்பது, ஊசி பேச்சை எடுத்தாலே முகம் மாறுவது, வாழவே பிடிக்கவில்லை என்ற மாதிரி ஒரு வார்த்தை, இதில் எது கண்ணில் பட்டாலும் திட்டிக்கொண்டு நிற்காமல் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். மனநல ஆலோசகரிடம் போவதை எச்பிஏ1சிக்கு ரத்தம் கொடுப்பது போலச் சாதாரணமாக நினைக்கப் பழகுங்கள்.

இப்போது சென்சார் வந்துவிட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண், நாளுக்கு 288. எல்லாம் என் போனுக்கும் வந்துகொண்டிருந்தது. வகுப்பில் இருப்பவளுக்கு "190, பாத்துக்கோ" என்று மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் அவளே ஓர் ஒப்பந்தம் போட்டாள். பள்ளி நேரத்தில் சர்க்கரை ரொம்பக் குறைந்தால் அடிக்கும் லோ அலாரம் மட்டும் எனக்கு வரும், மற்ற எண்களைப் பார்க்கக் கூடாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் சர்க்கரையைப் பற்றிப் பேசவும் கூடாது. சரி என்றேன்.

நேற்று வந்ததும் பையைப் போட்டுவிட்டு, வகுப்பில் யாரோ நாற்காலியோடு கவிழ்ந்ததைக் கால்மணி நேரம் நடித்துக் காட்டினாள். நானும் சிரித்தேன். போனை சட்டைப்பைக்குள்ளேயே கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டு, "இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்குப்பா" என்றாள்.