மைலாய் படங்களை எடுத்தவர் ஹெர்ஷ் அல்ல

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: வியட்நாமின் மைலாய் கிராமத்துக்கு அமெரிக்கப் படையோடு போய், அந்தப் படை ஊர்மக்களைக் கொன்ற படுகொலையை நேரில் படமெடுத்தவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் சீமோர் ஹெர்ஷ் என்று.

இது தவறு. 1968 மார்ச் 16-ல் அங்கே படமெடுத்தவர் ராணுவப் புகைப்படக்காரர் ரொனால்ட் ஹேபர்லி. ஹெர்ஷ் அன்று அங்கே இல்லவே இல்லை. அடுத்த ஆண்டு ஒரு துப்பு கிடைத்ததும், எந்தப் பத்திரிகையின் சம்பளமும் இல்லாமல், அமெரிக்காவிலேயே அலைந்து, ஃபோர்ட் பென்னிங் ராணுவ முகாமில் அந்தப் படுகொலைக்காகக் குற்றம் சாட்டப்பட்டிருந்த லெப்டினன்ட் வில்லியம் கேலியைத் தேடிப்பிடித்துப் பேசினார். அப்புறம் மற்ற வீரர்களையும் தேடிப் போனார். அந்த அலைச்சல்தான் அவருடைய பெருமை. பொய்யைச் சொல்லி அதை மறைப்பது வருத்தமாக இருக்கிறது.

1969 நவம்பரில் செய்தி வெளியானது, 1970-ல் பத்திரிகைத் துறைக்கான புலிட்சர் விருது. அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ, சொந்த நாட்டு மக்களையே உளவு பார்த்ததை 1974-ல் வெளிக்கொண்டுவந்தவரும் இவர்தான். சரி, பழைய செய்தியை அனுப்பிய குழுவுக்கே இதையும் அனுப்பிவிடுங்கள்.