கப்பல்ல சூட் ரூம் போடலாமான்னு கேக்குறவங்களுக்கு

நேத்து ராத்திரி மன்னார்குடியிலேர்ந்து எங்க பெரியப்பா பொண்ணு போன் பண்ணினா. மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் முடிஞ்ச கையோட பதினோரு பேரும் சிங்கப்பூர் போயி அங்கேர்ந்து கப்பல்ல நாலு நாள் சுத்திட்டு வரதா பிளானாம். டிராவல்ஸ்காரர் "பெரியவங்களுக்கு மட்டும் சூட், அதான் பெரிய சொகுசு ரூம், போட்டுடுங்க, கவனிச்சுக்க பட்லர்னு தனி ஆள் இருப்பாரு, வரிசையில நிக்க வேணாம், தனி டைனிங்"னு சொல்லிட்டாராம். "ஏங்க்கா, நீதான் போயிட்டு வந்தியே, அவ்வளவு காசுக்கு அது தகுமா"ன்னு கேட்டா. ஒரு மணி நேரம் பேசினேன், அப்பறம் படுத்தா தூக்கம் வரல. நம்ம பக்கத்துல வீட்டுக்கு ஒரு ஆள் சிங்கப்பூர்லயோ மலேசியாவுலயோ இருக்கு, அப்பா அம்மாவை ஒருதடவையாச்சும் கப்பல்ல கூட்டிட்டுப் போகணும்னு எல்லாருக்கும் ஆசை இருக்கு, அதனால இங்கேயே எழுதிடுறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் மட்டும் போறீங்க, கையில காசு இருக்கு, அமைதியா இருக்கணும்னா சூட் போடுங்க, நல்லா இருக்கும். குடும்பமா போறீங்கன்னா, அதுலயும் பாதிப் பேருக்கு சூட் பாதிப் பேருக்கு சாதா ரூம்னு போட்டா, வேணாம்.

நாங்க போனது போன வருஷம் மே கடைசியில. சிங்கப்பூர்ல அப்பதான் ஸ்கூல் லீவு ஆரம்பிக்குது, இங்க நம்ம புள்ளைங்களுக்கு ஸ்கூல் தொறக்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கு, அதோட மேட்டூர் ஜூன் 12 தொறந்துட்டா எங்க வீட்டுக்காரர் குறுவை வேலையில எறங்கிடுவாரு, அந்த இடைவெளியில போயிட்டு வந்தாத்தான் உண்டு. மொத்தம் ஒம்போது பேரு. எங்க அண்ணன் சிங்கப்பூர்ல இருவது வருஷமா இருக்கான், அவன்தான் எல்லாம் புக் பண்ணினான். அம்மாவுக்கு முட்டி தேஞ்சு போச்சு, எழுவத்திரண்டு வயசு, அதனால அம்மாவுக்கும் சித்திக்கும் துணைக்கு எனக்கும் ஒரு சூட், மத்த ஆறு பேருக்கு நாலு மாடி கீழ ரெண்டு பால்கனி ரூம். சூட் ரேட்டு, தலைக்குப் பாத்தா, பால்கனி ரூமை விட மூணு மடங்கு கிட்ட வந்துச்சு. "அம்மா எங்களுக்காக பட்டது போதும், ராணி மாதிரி இருக்கட்டும்"னான். அவன் பாசத்துல நான் ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன்.

இந்த சூட் கிளாஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: பெரிய கப்பல் பலதுல இப்ப கப்பலுக்குள்ளயே ஒரு தனிக் கப்பல் மாதிரி ஒரு பகுதி வச்சிருக்காங்க. எம்எஸ்சி கம்பெனி கப்பல்ல அதுக்கு யாட் கிளப்னு பேரு, நார்வீஜியன்ல ஹேவன்னு சொல்றாங்க, ராயல் கரீபியன்ல ஸ்டார் கிளாஸ் எடுத்தா ஜீனின்னு ஒரு ஆளே உங்க வேலையைப் பாக்க வருவாரு. தனி லவுஞ்சு, தனி சாப்பாட்டு இடம், சிலதுல தனி நீச்சல் குளம், ஏறும்போதும் எறங்கும்போதும் முன்னுரிமை. அந்தப் பகுதிக்குள்ள போக ரூம் கார்டைத் தட்டணும், அந்த கிளாஸ் கார்டு இருந்தாதான் கதவு தொறக்கும்.

நல்லது என்னன்னு நேர்மையா சொல்லணும்ல. ஏறுற அன்னிக்கு சிங்கப்பூர் டெர்மினல்ல ஜனம் நம்ம மகாமகம் கூட்டம் மாதிரி நின்னுச்சு, எங்க மூணு பேரையும் தனி வழியில கூட்டிட்டுப் போயி உக்கார வச்சு ஜூஸ் குடுத்தாங்க, அம்மா பத்து நிமிஷத்துல கப்பலுக்குள்ள. பட்லர் தம்பி பிலிப்பைன்ஸ்காரரு, தங்கமான புள்ள, அம்மா முட்டியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்ததைப் பாத்துட்டு யாரும் கேக்காமலே ஒரு சின்ன ஸ்டூல் கொண்டாந்து காலுக்கு வச்சாரு. அதை அம்மா இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

ஆனா பாருங்க, அந்த தனி வழியில போனது நாங்க மூணு பேரு மட்டும்தான். அண்ணியும் புள்ளைங்களும் மத்தவங்களும் ஒன்றரை மணி நேரம் வரிசையில நின்னாங்க, நாங்க உள்ள ஜூஸை வச்சுக்கிட்டு அவங்க எப்ப வருவாங்கன்னு வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தோம். அப்பறம்தான் தெரிஞ்சுது, வீல்சேர் வேணும்னு முன்கூட்டியே சொல்லியிருந்தா எந்த ரூம் எடுத்தாலும் அம்மாவுக்கு ஏறி எறங்க உதவி கிடைச்சிருக்கும், கூட ஒரு ஆளும் போயிருக்கலாம், அதுக்கு தனி காசே இல்ல.

ரெண்டாம் நாள் ராத்திரி நடந்ததைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன். வெள்ளிக்கிழமை, அம்மா கவுச்சி தொட மாட்டாங்க, அதுக்காக அந்த தனி டைனிங்ல சமையல்காரரே வெளியில வந்து என்ன வேணும்னு கேட்டு செஞ்சு குடுத்தாரு. வெள்ளைத் துணி விரிச்ச மேசை, ஜன்னலுக்கு வெளியில கடல், மெழுகுவத்தி. மொத தட்டு வந்துச்சு, அம்மா ஸ்பூனைக் கையில எடுத்துட்டாங்க. அப்ப கண்ணாடிக் கதவுக்கு அந்தாண்ட எங்க அண்ணன் மக, ஆறு வயசு, பாட்டியைத் தேடி தனியா லிஃப்ட்ல ஏறி வந்து நிக்கிறா. அவ கார்டை எடுத்து அந்த மெஷின்ல வைக்கிறா, செவப்பு லைட்டு எரியுது, திருப்பி வைக்கிறா, திரும்ப செவப்பு. அங்க நின்ன பொண்ணு குனிஞ்சு சிரிச்சுக்கிட்டேதான் ஏதோ சொல்லுச்சு, அது மேல தப்பு இல்ல, விதி அப்படி. அம்மா ஸ்பூனைக் கீழ வச்சாங்க, மடியில போட்டிருந்த துணியை நாலா மடிச்சு தட்டுக்குப் பக்கத்துல வச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க. "புள்ளைய வாசல்ல நிக்க வச்சுட்டு இலை போடுற எடத்துல நான் கை நனைக்க மாட்டேன்டி"ன்னாங்க. அவ்வளவுதான். கீழ எல்லாரும் சாப்பிடுற பெரிய ஹாலுக்குப் போயி, இந்தியன் கவுண்டர்ல சோறும் பருப்பும் வாங்கி, புள்ளைக்கு ஊட்டிட்டு தானும் சாப்ட்டாங்க. மீதி நாள் பூரா அங்கதான் சாப்ட்டோம். காசு கட்டின தனி டைனிங் அப்படியே கிடந்துச்சு.

நம்ம ஊர்ல கல்யாணத்துல பந்தியில எடம் பத்தலன்னா அடுத்த பந்திக்கு நிப்போமே தவிர, ஒரே வீட்டு ஆளுங்கள்ல உனக்கு இங்க உனக்கு அங்கன்னு பிரிச்சு உக்கார வைக்க மாட்டோம், வச்சா அந்தப் பேச்சு மூணு தலைமுறைக்கு ஓடும்.

இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு, இதை எந்த ஏஜெண்டும் எங்களுக்கு சொல்லல. சூட்ல பாத்ரூம் பெருசு, மார்பிள், ஆனா குளிக்கிறதுக்கு பாத் டப்பு. முட்டி மடங்காத மனுஷி அந்த டப்பு விளிம்பைத் தாண்டி எப்படி கால் வைக்கிறது? நாலு நாளும் நானும் சித்தியும் ரெண்டு பக்கமும் புடிச்சு தூக்கிதான் குளிக்க வச்சோம், மொத நாள் வழுக்கி என் தோள்ல விழுந்தாங்க, நல்லவேளை அடிபடல. ஆனா பாருங்க, அதே கப்பல்ல சாதா ரூம்லயே வீல்சேர் ரூம்னு சிலது உண்டு, வாசல்ல படி இருக்காது, பாத்ரூம்ல தரை மட்டத்துல ஷவர், புடிச்சுக்க கம்பி, உக்காந்து குளிக்க பலகை. எண்ணிக்கை கம்மி, அதனால சீக்கிரமே கேட்டு வாங்கணும். அம்மாவுக்கு வேண்டியிருந்தது மார்பிள் இல்லீங்க, அந்தக் கம்பி.

அடுத்தது ஆட்டம். கப்பல்ல ஆட்டம் கம்மியா தெரியுற எடம் நடுப்பகுதி, அதுவும் கீழ் டெக், அதாவது கீழ் மாடி. மேல போகப் போக, முன்னாடி போகப் போக ஆட்டம் ஜாஸ்தி தெரியும். சூட் பலதும் வேடிக்கை பாக்க வசதியா மேலதான் இருக்கும். நாங்க போன மலாக்கா ஜலசந்தி பொதுவா அமைதியான கடல்ங்கிறதால நாங்க தப்பிச்சோம். ஐப்பசி கார்த்திகையில வங்காள விரிகுடாவுல போறவங்க இதை மனசுல வச்சுக்கங்க. நம்ம நாகப்பட்டினம் காங்கேசன்துறை கப்பலே 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு சில நாள்லயே மழைக்காலம்னு நிறுத்தினது ஞாபகம் இருக்கும். அந்த வழியில அப்பறம் விட்ட கப்பல்ல பிரீமியம் சீட்டுன்னு இருக்கே, நாலு மணி நேரப் பயணம்தான், வயசானவங்களுக்கு அந்த சீட்டு போடுறதுல நான் தப்பு சொல்ல மாட்டேன், அங்க யாரையும் கதவுக்கு வெளியில நிறுத்தப் போறது இல்ல.

அப்பறம் நிறைய கப்பல்ல சூட் ரேட்டுக்குள்ள மது, வைன் எல்லாம் சேத்துத்தான் கணக்கு. எங்க மூணு பேர்ல யாரும் அதைத் தொடுறது இல்ல. அதோட தினமும் தலைக்கு இவ்வளவுன்னு டிப்ஸ் காசு தனியா புடிப்பாங்க, பல கம்பெனியில சூட்டுக்கு அது இன்னும் ஜாஸ்தி, புக் பண்ணும்போது அந்தத் தொகை பெருசா கண்ணுல படாது.

எங்க தாத்தா, அம்மாவோட அப்பா, நாகப்பட்டினத்துலேர்ந்து ரஜுலா கப்பல்ல பினாங்கு போனவரு. 1926ல கட்டின கப்பல் அது, மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர்னு எழுவதுகள் வரைக்கும் ஓடுச்சு, நம்ம ஜில்லாவுல அந்தப் பேரைக் கேக்காத பெரியவங்க இருக்க மாட்டாங்க. அதுலயும் கேபின் கிளாஸ் உண்டு, ஆனா நம்ம சனம் போனது டெக் கிளாஸ், பாயை விரிச்சு தகரப் பெட்டியைத் தலைக்கு வச்சுப் படுக்க வேண்டியதுதான். நாகையில கப்பல் கரைக்கு வராது, கடல்ல தள்ளி நிக்கும், படகுல போயி ஏறணும். ஆறு வயசுல கரையில நின்னு தாத்தா படகு சின்னதாகிற வரைக்கும் பாத்தது அம்மாவுக்கு இன்னும் கண்ணுல நிக்குது.

எங்க கப்பலும் அதே போர்ட் கிளாங் (பழைய போர்ட் ஸ்வெட்டன்ஹாம்தான்), பினாங்கு வழிதான் போச்சு. பினாங்கு வந்த காலையில எங்க சூட் பால்கனி கடல் பக்கம் பாத்து இருந்துச்சு, ஊர் அந்தப் பக்கம். எல்லாரும் போற திறந்த டெக்குக்குப் போனோம், அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம், மத்த எட்டு பேரும் சுத்தி நின்னோம். ஜார்ஜ் டவுன் ஓட்டுக் கூரை எல்லாம் கிட்ட வர வர அம்மா ஒண்ணும் பேசல, புள்ளை கையை மட்டும் புடிச்சுக்கிட்டாங்க, அப்பறம் "அப்பா இங்கதான் எறங்கியிருப்பாரு"ன்னாங்க. எங்க அண்ணன் அந்தாண்ட திரும்பிக்கிட்டான். அந்த நாலு நாள்ல எனக்கு மனசுல நிக்கிறது அந்த அரைமணி நேரம்தான், அந்த டெக்குக்கு எந்தக் கார்டும் தட்ட வேணாம்.

அதனால தங்கச்சிகிட்ட சொன்னது இதுதான். சூட்டை விடு. பதினோரு பேருக்கும் ஒரே டெக்ல, பக்கத்துப் பக்கத்து ரூம், நடுவுல கதவு தொறக்கிற மாதிரி ரூம் இருந்தா அதைக் கேளு. கப்பல் நடுப்பகுதியில கேளு. மாமியாருக்கு கால் முடியாதுன்னா வீல்சேர் ரூமை இப்பவே சொல்லி வை, வீல்சேரும் எழுதிக் குடுத்துடு. ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லாரையும் ஒரே மேசையில, ஒரே நேரத்துல போடச் சொல்லி புக் பண்ணும்போதே கேளு, சைவம் எத்தனை பேருன்னும் சொல்லிடு. சிங்கப்பூர் விசா திரும்பி உள்ள வர்றதுக்கும் செல்லுமான்னு பாத்துக்க. மிச்சமாகிற காசுல பினாங்குல ஒரு வேன் புடிச்சு எல்லாரும் ஒண்ணா ஊரைச் சுத்துங்க. ரூம் நம்பர் குடுத்ததும் டெக் பிளானை, அதான் எந்த ரூம் எங்க இருக்குன்னு காட்டுற படத்தை எடுத்து, லிஃப்ட்லேர்ந்து மாமியார் ரூம் எத்தனை கதவு தள்ளி இருக்குன்னு எண்ணிப் பாரு, அஞ்சாறு கதவுக்கு மேல போனா மாத்திக் குடுக்கச் சொல்லு, அப்பறம் காசு கட்டு.